கடல் தெரிகிற சன்னல்

போன வாரம் வீட்டுக் கேட்டுக்குப் பச்சைப் பெயிண்டு வாங்கலாம் என்று சிதம்பரம் கீழவீதிக்குப் போயிருந்தேன். கடையில் எனக்குப் பக்கத்தில் நின்றவர், கரும்பலகைக்கு அடிக்கிற கறுப்புப் பெயிண்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே வந்த வேலை மறந்துபோச்சு. கடலூர்க் கடற்கரையில் ஒரு ஒற்றை அறைக்குள் போய் நின்றுவிட்டேன். கடைக்காரர் ரெண்டு தரம் கூப்பிட்டாராம்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் அது. நான் ஒரு மருந்துக் கம்பெனியில் புதுசாகச் சேர்ந்த ரெப். சிதம்பரத்துப் பெரிய மனுஷர்கள் நடத்திய சேவைச் சங்கத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சேவை செய்கிற ஆசை என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன். மாசக் கூட்டம் முடிந்ததும் போடுகிற பரோட்டாவும் சால்னாவும்தான் என்னை இழுத்தது. மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளியவர்களுக்கு என் பாடு புரியும்.

சங்கத்தில் ஒரு வழக்கம். தலைவர் பதவி ஒரு வருஷம்தான். ஜூலையில் புதுத் தலைவர் வந்தால் பழையவர் ஆரம்பித்ததை மூட்டை கட்டிவிட்டுத் தன் பேருக்கு ஒன்றை ஆரம்பிப்பார். ஒருத்தர் கண் முகாம் நடத்தினால் அடுத்தவர் பல் முகாம். அந்த வருஷத் தலைவர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். கடலூருக்குத் தெற்கே, ஜனங்கள் தகரக் கொட்டகைகளில் இருந்த ஒரு மீனவக் கிராமத்தில், பிள்ளைகளுக்குச் சாயங்காலப் பள்ளி ஒன்றைக் கட்டினார். பாடம், சுண்டல், வாரம் ஒரு தரம் அவரே வந்து உடம்பு பார்ப்பது. கட்டும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: கிழக்குச் சுவரில் சன்னலே கூடாது, பிள்ளைகள் கண்ணில் கடலே படக்கூடாது. எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என்ன மனசு இவருக்கு என்று மெச்சிக்கொண்டோம்.

பிள்ளைகள் வந்தார்கள். சுண்டல் வாங்கினார்கள். டாக்டருக்கு நாக்கை நீட்டிக் காட்டினார்கள். ஆனால் அறைக்குள் ஒருத்தரும் உட்காரவில்லை. கூப்பிட்டால் வாசற்படி வரை வருவார்கள், கண்ணை மூடித் திறப்பதற்குள் வெளியே மணலில் இருப்பார்கள். இத்தனைக்கும் பலபேர் பகல் பள்ளிக்கூடத்துக்கும் சரியாகப் போவதில்லை. இதுவும் போனால் அவர்கள் படிப்பு அவ்வளவுதான். ஜூலையில் தலைவராக வரப்போகிறவர், "ஆளில்லாத ஸ்கூலு எதுக்கு டாக்டர்? என் வருஷத்துல மூடிட்டு வேற எதுனா பண்ணிக்கலாம்" என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். டாக்டர் அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டார். பாவம், எனக்கே பரோட்டா இறங்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிள்ளைகளில் பெரியவள் செல்வி. ஏழாவது. தம்பியை அலைக்குக் கொடுத்தவள். அடுத்த தரம் நாங்கள் போனபோது டாக்டர் மணலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஏம்மா யாருமே உள்ளே வர மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். அவள் சுண்டலைத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"உள்ள ஒக்காந்தா கடலு தெரியல சார். அது வந்தா எங்களுக்கு எப்டித் தெரியும்?"

டாக்டர் திரும்பி, சன்னலில்லாத அந்தக் கிழக்குச் சுவரைப் பார்த்தார். கூட வந்திருந்த எங்கள் பொருளாளர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர், அவரை நாங்கள் எல்லாரும் மாமா என்று கூப்பிடுவோம். அவர்தான் வாயைத் திறந்தார். "நாளைக்கே கொத்தனாரக் கூட்டியாறேன் டாக்டர்."

கிழக்குச் சுவரை இடித்து அகலமாக ஒரு சன்னல் வைத்தோம். அதன் பக்கத்திலேயே கறுப்புப் பெயிண்டு அடித்துச் சுவரைப் பலகையாக்கினோம். அடித்தவன் நான், சுவரைவிட என் சட்டையில்தான் ஜாஸ்தி. பெயிண்டு காய்ந்ததும் பிள்ளைகள் உள்ளே வந்து, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். தங்களுக்குள்ளேயே ஒரு முறையும் வைத்துக்கொண்டார்கள். ஆள் மாற்றி ஆள் சன்னலில் நின்று காவல் பார்க்க வேண்டும். காவலில் நிற்கிறவர்களிடம் கணக்குக் கேட்கக்கூடாது. பாடம் எடுத்த டீச்சர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஜூலையில் பதவிக்கு வந்தவர் ஒருநாள் வந்து, சன்னலில் நின்ற பொடிசைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடுகிற பேச்சை அப்புறம் அவர் எடுக்கவே இல்லை.

ரொம்ப நாள் கழித்து ஒரு சாயங்காலம் நானும் டாக்டரும் போனபோது சன்னலில் யாருமே இல்லை. எல்லாத் தலையும் நோட்டில் கவிழ்ந்திருந்தது. செல்வி விரலை மடக்கி மடக்கிப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "சத்தம் போடாத" என்றார். அவர் அழுதுகொண்டிருந்தார்.

பிறகு அரசாங்கம் உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த வீடுகளுக்கு ஜனங்கள் போய்விட்டார்கள். ஆளில்லாத அறையின் கூரையை 2011-இல் அடித்த 'தானே' புயல் கொண்டுபோனது, சுவர்களும் அப்புறம் ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். செல்வி நர்சாகி வெளியூரில் இருப்பதாகக் கேள்வி.

பெயிண்டு டப்பாவை வண்டியில் மாட்டிக்கொண்டு நேராக அங்கேதான் போனேன். சிமெண்டுத் தரை மட்டும் கிடக்கிறது, பாதி மணலுக்குள். செல்வி உட்காருகிற இடம் இதுதான் என்று தோன்றிய மூலையில் உட்கார்ந்தேன். மறைக்கச் சுவரே இல்லை, கடல் முழுசாகத் தெரிகிறது. இருட்டுகிற வரைக்கும் நான்தான் காவல் பார்த்துக்கொண்டிருந்தேன்.