தியானத்தில் கண்ணில் பட்ட நூல்

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் டி-ஷர்ட்டுகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை ட்ரிம்மரால் வெட்டுவேன். நூல் வெட்டவா பிறந்தோம் என்று வெறுத்துப்போய்த்தான் ராயபுரத்தில் ஒரு தியான வகுப்பில் சேர்ந்தேன்.

"கண்ணை மூடி, மூச்சை மட்டும் கவனிங்க" என்றார் டீச்சர். எனக்கு மூச்சைத் தவிர மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. மெல்லக் கண்ணைத் திறந்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞரின் டி-ஷர்ட் ஓரத்தில் ஒரு நூல்! கை சும்மா இருக்குமா? ட்ரிம்மர் இல்லாததால் பிடித்து இழுத்தேன். சரசரவென்று கீழ்மடிப்புத் தையல் முழுவதும் பிரிந்து கையோடு வந்துவிட்டது.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்கக்கா, இன்னுங் கொஞ்சம் இழுத்தீங்கன்னா நான் வெறும் ஒடம்போட ஊட்டுக்குப் போவோணுமுங்க!"

வகுப்பே கண்ணைத் திறந்து சிரித்தது. டீச்சருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நானும் சிரித்தேன். அப்போதுதான் உறைத்தது. அந்த நூலைப் பார்த்த நொடியிலிருந்து என் மனதில் வேறு எதுவுமே இல்லை. நான் தேடி வந்த அமைதி தினமும் செக்கிங் டேபிளில் என்னோடுதான் நின்றிருக்கிறது. நான்தான் அதைக் கவனிக்கவில்லை.

நூல் வெட்டத்தான் பிறந்தேன் என்றால், அதுவும் நல்ல பிறவிதான். வகுப்புக்கு இன்னும் சந்தோஷமாகப் போகிறேன். கைப்பையில் ட்ரிம்மர் இல்லாமல் மட்டும் போவதில்லை.