சிவப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எது பிடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டால், "எனக்கு எதுன்னாலும் சரி" என்பாள். ஓட்டலில் தோசையா பூரியா என்றாலும் அதே பதில், தீபாவளிக்குப் பச்சையா நீலமா என்றாலும் அதே பதில். அம்மா சொன்னதை அப்படியே நம்பிவிடுவது அப்பாவின் நல்ல குணம்.

போன வாரம் ஐஸ்கிரீம் கடையில் என் மகள் என்னிடம் "உனக்கு எதும்மா?" என்று கேட்டாள். என் வாயிலிருந்தும் அதே வார்த்தைதான் வந்தது. சொன்ன பிறகு, இதைக் கேட்டுக் கேட்டு இவளும் இப்படியே ஆகிவிடுவாளோ என்று கவலையாகிவிட்டது. எனக்கு எதற்குத்தான் கவலை வராது! கூடவே சித்தப்பாவும், கம்ப்யூட்டர் திரையில் படம் காட்டுவதற்காக அவர் கொண்டுவந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளும் நினைவுக்கு வந்தன.

தொண்ணூறுகளின் கடைசி அது. மந்தைவெளியில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். முன்னறையில் இருந்த கம்ப்யூட்டர் பகலில் அம்மாவுடையது, சாயங்காலம் சித்தப்பாவுடையது. அம்மா மயிலாப்பூரில் ஓர் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகளைத் தமிழில் அடித்து, பக்கம் அமைத்துக் கொடுப்பாள். சித்தப்பா அப்பாவின் தம்பி. கிண்டியில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார், எங்களோடுதான் இருந்தார். வந்ததும் வராததுமாகக் கார் பந்தயம் போடுவார். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

தை மாத முகூர்த்தங்களுக்கான வேலை குவிந்த சமயத்தில் அம்மாவுக்குத் தலைவலி தொடங்கியது. முழுப் பத்திரிகையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டுமென்றால் திரையில் எல்லாவற்றையும் பொடியாக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் வெள்ளைப் பக்கம் முழுக்க மெல்லத் துடிக்கும். "புள்ளியெல்லாம் குதிக்குது" என்பாள். கண் டாக்டர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றுவிட்டார். நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு மறுபடி போய் உட்காருவாள். வேலையை விட்டுவிடட்டுமா என்று அவள் ஒருநாள் அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. விட வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்ட குரலாக அது இல்லை.

கோளாறு கண்ணில் இல்லை, கார்டில் என்றார் சித்தப்பா. ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருந்த அவருடைய சிநேகிதர், "ரெண்டையும் போட்டுப் பாரு மச்சி, வேணாங்கறதைத் திங்கக்கிழமை கொண்டாந்துடு" என்றாராம். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்.

ஒன்று சிவப்புப் பெட்டி, மேலே நெருப்பைக் கக்கிக்கொண்டு பாயும் கார். இன்னொன்று வெறும் வெள்ளைப் பெட்டி, மருந்துக்கடையில் கொடுத்தது போல இருந்தது. எனக்கு அந்த நிமிஷமே தீர்ப்பு முடிந்துவிட்டது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"இதுல எட்டு எம்பி. அதுலயும் எட்டு எம்பி."

"இன்னாண்ணே, பொருத்தம் பாக்குறியா? ரெண்டும் ஒரே நட்சத்திரம்தான்" என்றார் சித்தப்பா.

ஆனால் சிவப்பில், விளையாட்டுக்கு வேண்டிய 'முப்பரிமாணம்' என்ற விஷயம் முகப்பு முழுவதும் இருந்தது. வெள்ளையில் அது ஓரமாக, பொடி எழுத்தில். எல்லாம் பொடியாகத் தெரியும் பெரிய திரை அளவில் சிவப்பு நொடிக்கு அறுபது முறைதான் படத்தைப் புதுப்பிக்கும், வெள்ளை எண்பத்தைந்து முறை என்பதையும் அப்பாதான் படித்தார். படித்துவிட்டு, அதனால் என்ன என்பதுபோல் பெட்டியைக் கீழே வைத்தார்.

சித்தப்பா கம்ப்யூட்டரின் கேபினட்டைத் திறந்து, தகரத்தை ஒருமுறை தொட்டு, உடம்பிலிருந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுச் சிவப்பைப் பொருத்தினார். அம்மா உட்கார்ந்து ஒரு பத்திரிகையைத் திறந்தாள். "முன்னைக்குப் பரவாயில்ல. பழகிடும்" என்றாள். சொல்லும்போதே இமை படபடத்தது. பிறகு வெள்ளையைப் பொருத்தினார். பக்கம் துடிக்காமல் நின்றது. அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, மணமகளின் பெயரைச் சற்று மேலே நகர்த்தினாள். அப்புறம் முகூர்த்த நேரத்தைச் சரிசெய்தாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நிற்பதையே மறந்துவிட்டாள்.

"எதும்மா நல்லாருக்கு?" என்று அப்பா கேட்டதும் சட்டென்று எழுந்துகொண்டாள்.

"எனக்கு எதுன்னாலும் சரி. தம்பியும் கொழந்தையும் ஆசைப்படுறதையே எடுத்துக்குங்க."

"அப்போ சிவப்பு" என்றார் அப்பா. நான் குதித்தேன்.

சித்தப்பா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரப்படாதண்ணே. கேமையும் ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துடுவோம். ஜட்ஜம்மா இவதான்" என்று என்னை நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தார்.

சிவப்புக் கார்டு மறுபடி உள்ளே போனது. சித்தப்பா குனிந்து ஏதேதோ தட்டினார். பந்தயம் தொடங்கியது. வானம், மலை, சாலையோர மரம் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. ஆனால் கார் நகரவில்லை, விக்கியது. வளைவில் நான் திருப்பினாலும் சுவரில் மோதிய பிறகுதான் திரும்பியது. என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

வெள்ளைக் கார்டு. மறுபடி ஏதேதோ தட்டினார். இப்போது மலையின் ஓரம் ரம்பப் பல் போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆனால் கார் பறந்தது.

"இதுல நம்பர் ஏன் பெருசா இருக்கு?" என்றேன். வேகம் காட்டும் எண்கள் சிவப்பில் எறும்பு மாதிரி இருந்தன, வெள்ளையில் பல்லி மாதிரி.

"நல்ல கார்டுல நம்பர் பெருசாத்தான் தெரியும்" என்றார் சித்தப்பா.

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் வெங்காய பஜ்ஜி வாசனை வந்தது. சித்தப்பாவின் தட்டில் மட்டும் பஜ்ஜி தீரத் தீர வந்துகொண்டே இருந்ததாக ஞாபகம். இது உண்மையான ஞாபகம்தானா, நானாகப் பின்னால் சேர்த்துக்கொண்டதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"பெட்டியைப் பாத்து ஏமாறக் கூடாது" என்று அப்பா முடிவாகச் சொன்னார். வெள்ளை தங்கியது. அம்மாவின் தைலப்புட்டி அலமாரியில் தூசி படிந்தது. சித்தப்பா கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்வரை ரம்பப்பல் மலைகளுக்கு நடுவேதான் கார் ஓட்டினார்.

பல வருடங்கள் கழித்து, அலுவலகத்தில் என் திரையின் அளவைச் சிறியதாக மாற்றியபோது எழுத்தெல்லாம் திடீரென்று பெரிதானது. அன்றைய பந்தயத்தின் பல்லி எண்கள் நினைவுக்கு வந்தன. சித்தப்பா சிவப்பை, அதனால் தாங்க முடியாத பெரிய அளவிலும், வெள்ளையை இருப்பதிலேயே சிறிய அளவிலும் ஓடவிட்டிருக்கிறார். அம்மாவுக்காக விட்டுக்கொடு என்று யாரையும் கேட்க வேண்டியிராதபடி அமைத்த ஒரு பந்தயம். எழுத்தின் அளவைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் அம்மாவுக்கு அந்த எண்கள் தெரியாமலா இருந்திருக்கும்? ஒருமுறையாவது, வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, என்னைப் பள்ளியில் விட்டுவிட்டு ரிச்சி தெருவுக்குப் போவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாப்பில் சித்தப்பா மஞ்சள் பையிலிருந்து சிவப்புப் பெட்டியை எடுத்து, கார்டை உறையிலிருந்து பாதி வெளியே இழுத்தார். அதன் மேல் இருந்த சின்ன விசிறியைக் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தார். எனக்கு அந்தக் கார்டின் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

"ஓட்டைக் கார்டை எதுக்குச் சித்தப்பா துடைக்கிறீங்க?"

"தூசிடா" என்றார்.

பஸ் வரும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். புதுக் கார்டில் ஏது தூசி என்று எனக்குத் தோன்றவே இல்லை.