சர்க்கஸ் டீச்சரின் சர்டிபிகேட்

போன வாரம் என் அண்ணன் மகள் கோலாலம்பூரிலிருந்து கைப்பேசியில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாள். சர்க்கஸ் கலைஞர்களுக்கும் சர்க்கஸ் ஆசிரியர்களுக்கும் பயிற்சியாம், படைப்பாற்றலை வளர்த்துக்கொள்ள வாய்ப்பாம். இரண்டு வாரம் தங்கி உடம்போடு உரையாடலாமாம். என் முட்டி தினமும் என்னோடு உரையாடிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கு யாரும் அறை போட்டுக் கொடுப்பதில்லை. கடைசி வரியில், சான்றிதழ் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. "அத்தை, உங்ககிட்டதான் சர்க்கஸ் சர்டிபிகேட் இருக்கே, போய்ட்டு வாங்க லா" என்று குரல் பதிவு வேறு. பின்னால் சிரிப்பு.

இருக்கிறதுதான். இரும்புப் பெட்டியில், பட்டுப்புடவைக்கு அடியில், அந்துருண்டை வாசனையோடு. எடுத்துப் பிரித்தேன். அந்த வாசனைக்கும் சப்பாத்துக்குப் பூசும் வெள்ளைப் பூச்சுக்கும் என்ன உறவோ, உடனே என் பழைய கேன்வாஸ் சப்பாத்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எழுபதுகளின் கடைசியில் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. நாலு வருடமாகத் தற்காலிகம். அந்த மழையில் சப்பாத்து காயவே காயாது. ஈரத்தின் மேலேயே பூச்சைப் பூசிக்கொண்டு போவேன், வகுப்பறை முழுக்க என் வெள்ளைத் தடம் கிடக்கும்.

எங்கள் தலைமையாசிரியருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும், ஆங்கிலத்துக்குத்தான் தெரியாது. ஒரு நாள் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. தாப்பாவில் மூன்று நாள் சர்க்கிட் பயிற்சி, பள்ளிக்கு ஓர் ஆசிரியர், முடித்தால் சர்டிபிகேட். சர்க்கிட் என்றால் வட்டமாகச் சுற்றிவந்து குதிப்பது, குனிவது, பெஞ்சில் ஏறி இறங்குவது. வெறும் தேகப்பயிற்சி. மனிதர் அதை சர்க்கஸ் என்று படித்தார். படித்ததோடு விடாமல் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் முழங்கவும் செய்தார்: "கவர்மெண்டே சர்க்கஸ் சொல்லிக் குடுக்குதாம், பாத்துக்கோங்க."

என்னைப் போகச் சொன்னார். எனக்கோ நாற்காலியில் ஏறி நின்றாலே தலை சுற்றும். "அப்ப பாக்கியத்தையும் கூட்டிட்டுப் போங்க டீச்சர். அது செய்யட்டும், நீங்க பாத்து எழுதிக்குங்க" என்றார். பாக்கியம் மேட்டு லயத்துத் தொழிலாளர் வீட்டுப் பெண். எட்டு வருடம் ஒரு சர்க்கஸில் கம்பி மேல் நடந்தவள். அந்த சர்க்கஸ் ஈப்போவில் கலைந்துபோக, திரும்பி வந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர் சொன்னது வேறு: "சர்டிபிகேட்டோட வா, ஸ்கூல்ல வெளையாட்டு டீச்சரா போட்டுடறேன்." அதை நம்பி அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

பஸ் தாப்பாவுக்கு இறங்கும் மலை வளைவுகளில் நான் மூன்று முறை வாந்தி எடுத்தேன். "கீழ பாக்காதீங்க டீச்சர். கம்பில நடக்கறப்பவும் அப்படித்தான், நேரா பாருங்க" என்று என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பயிற்சி கொடுக்க வந்த அதிகாரிக்கு வயிறு முன்னால் வந்தது, விசில் பின்னால் வந்தது. சர்க்கஸ் கதையைக் கேட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்து, பாயில் ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காட்டப் போய்ப் பாதியிலேயே மாட்டிக்கொண்டார். நிமிர்த்தி உட்கார வைத்தவள் பாக்கியம். அதோடு மூன்று நாள் பாடமும் அவள் தலையில். நாங்கள் இருபது பேர் சுற்றி உட்கார்ந்து அவள் செய்வதை நோட்டில் எழுதிக்கொண்டோம். குட்டிக்கரணத்தை எழுதிப் படித்த கூட்டம் உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான். எழுதினால் போதாது என்று அவள்தான் ஒவ்வொருவரையும் எழுப்பி, கவிழ்த்துப்போட்ட பெஞ்சின் குறுகிய கட்டை மேல் நடக்க வைத்தாள். நான்கூட ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விழாமல் நடந்தேன். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் அதிகாரி என்னை அழைத்தார். "ஒங்க ஸ்கூலுக்கு ஒன்னுதான். யார் பேரு போடறது? நீங்க சரின்னா அந்தப் புள்ள பேரையே போட்டுடறேன்" என்றார். அந்த மனிதர் மூன்று நாளில் பேசிய ஒரே உருப்படியான பேச்சு அது. பாக்கியம் பக்கத்தில்தான் நின்றாள், பெஞ்சில் நடக்க நான் கழற்றிய சப்பாத்து அவள் கையில் இருந்தது. ஒரு சர்டிபிகேட் இருந்தால் என்னை நிரந்தரம் ஆக்குவார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். பிழை வந்துவிடக் கூடாது என்று எழுத்து எழுத்தாகவும் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில், "பரவால்ல டீச்சர். எனக்குப் படிக்கத் தெரியாதுல்ல, நான் வச்சு என்னா செய்யறது" என்றாள். அந்தத் தடவை எனக்கு வாந்தி வரவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தலைமையாசிரியர் அவளிடம் கையை விரித்தார். "சர்டிபிகேட் டீச்சர் பேர்ல இருக்கு, நான் என்னா செய்ய?" மறுநாள் கூடை அவள் முதுகில் ஏறியது. எங்களை அனுப்பும்போது அவர் சர்க்கஸ் என்று எழுதிக்கொடுத்த படிவத்தைப் பார்த்தே தட்டச்சு செய்ததால் என் சர்டிபிகேட்டில் சர்க்கஸ் என்றுதான் இருந்தது. இலாகாவில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை, என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் பாக்கியம் கோலா தெர்லா பக்கம் காய்கறித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மலையில் ஒரு மணி நேரப் பயணம். நான் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது அந்தப் பள்ளி இல்லை. மேட்டு லயம் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கூரை போட்டுப் பூச்செடி வளர்க்கிறார்கள். பாக்கியம் எங்கே என்று கேட்டால் சொல்ல அங்கே ஆள் இல்லை. அண்ணன் மகளுக்கு, "எனக்கு சர்க்கஸ் தெரியாதும்மா" என்று அனுப்பினேன். "அப்ப அந்த சர்டிபிகேட்டு யாரோடது?" என்று கேட்டிருந்தாள். மறுபடி பிரித்துப் பார்த்தேன். காகிதம் பழுத்துவிட்டது, முத்திரை மங்கிவிட்டது, என் பெயர் மட்டும் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் அப்படியே இருக்கிறது.