மேட்டை விற்றவர்

எங்கள் ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் பெரியப்பா ஒரு கையை அகல விரித்து அடிவானம் வரைக்கும் காட்டுவார். "இன்னா சார் கீது இங்க? ஆளா, பேரா? வெறும் பொட்டல்," என்பார். அவர் என் அப்பாவின் அண்ணன். அப்போது பஞ்சாயத்துத் தலைவர். மோதிரம் போட்ட அந்தக் கை எங்கள் வீட்டுக்கு மேலாகவே கடந்து போகும். வாசலில் நானும் அம்மாவும் நின்றிருந்தாலும் அவர் சொல்கிற சொல் மாறாது.

பொட்டல் என்றதில் பாதி உண்மை. ஊத்துக்கோட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ போகிற மட்டும் போய், மிச்சத்தை நடந்து தீர்க்க வேண்டிய ஊர். வடக்கே ஆந்திர மலைகள் நீலமாகத் தெரியும். தெற்கே ஆரணி ஆறு. நடுவில் ஏரித் தண்ணீர் பாயும் கொஞ்சம் நெல்வயல். மற்றதெல்லாம் முள்ளும் களாச்செடியும் மண்டிய செம்மண். ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மாநிலங்களைப் பிரித்தபோது எல்லைக்கோடு எங்களுக்குச் சற்று வடக்கே விழுந்ததாம். அதனால் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அந்த ஊரை நினைத்து ஏங்குகிறவள் இல்லை நான். பாம்புக்கும் முள்ளுக்கும் பயந்து வளர்ந்தவள். ஆனால் அங்கே ஒன்றுமில்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அங்கே ஒரு மேடு இருந்தது. வயல்களுக்குக் கிழக்கே, வீடுகளை விட உயரமாக, செம்மண்ணும் சரளைக்கல்லுமாகக் கிடந்த புறம்போக்கு. ஒருமுறை கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அங்கே குழி தோண்டி, உள்ளங்கை அளவுக் கற்களைப் பொறுக்கினார்கள். நெல் விதைக்கத் தெரியாத காலத்து மனிதர்கள் செதுக்கிய ஆயுதங்கள் என்றார்கள். அத்தனை காலமாக அங்கே ஆட்கள் தங்கியதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். ஆறு பெருகினால் அந்த மேட்டில் மட்டும்தான் தண்ணீர் ஏறாது. வெள்ளம் வருகிற வருஷங்களில் மாடு, அடுப்பு, பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஊரே அங்கே போய் உட்காரும்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுப்புதுத் தொழிற்சாலைகள் எழும்பின. பள்ளமான இடங்களை நிரப்ப மண் தேவைப்பட்டது. பெரியப்பா மேட்டைக் கொடுத்தார். மண் அள்ளும் இயந்திரம் வந்த அன்று தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார். நைனா போய், "ஆறு வந்தா எங்கண்ணா போறது?" என்று கேட்டார். "இன்னும் எந்தக் காலத்துல கீறே நீ? ஆறு வத்திப் போயி எவ்ளோ வருசம் ஆவுது," என்று சிரித்தார் பெரியப்பா. லாரிகள் மேட்டைக் கிழக்கேயிருந்து தின்றுகொண்டே வந்தன. ஒரு மூலையில் சின்னத் திட்டு மட்டும் மிஞ்ச, மேடு கரைந்த பிறகும் நிற்கவில்லை. கீழே பள்ளமாகத் தோண்டினார்கள். எங்கள் வீட்டிலிருந்து மேட்டுக்குப் போகும் மாட்டு வண்டிப் பாதையின் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டார்கள். பெரியப்பா வீட்டுக்கு மாடி வந்தது. ஊரில் அது ஒன்றுதான் மாடி வீடு.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் மழை விடாமல் பெய்தது. மலைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, ஆறு விடியற்காலையில் கரையைத் தாண்டியது. நைனாவும் நானும் நெல் மூட்டைகளைப் பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தோம். "மாட்ட மேட்டாண்ட ஓட்டிக்கினு போறேன். மிச்சமாச்சும் கொஞ்சம் உயரம் இருக்குதில்ல," என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. இரண்டு மாடுகளையும் அவிழ்த்துக்கொண்டு போனாள். வயலும் பாதையும் பள்ளமும் ஒரே தண்ணீராக, ஒரே மட்டமாகத் தெரிந்தன. பாதை எங்கே முடிகிறது என்று அம்மாவுக்குத் தெரிய வழியில்லை. ஒரு மாடு மட்டும் நீந்தித் திரும்பி வந்தது. கழுத்தில் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று பகல் முழுக்க பெரியப்பாவின் மொட்டைமாடியில், அவர் கட்டிய தார்ப்பாயின் கீழே உட்கார்ந்திருந்தோம். போக வேறு இடமில்லை. பெரியம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். பெரியப்பா குடை பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்று தண்ணீரைப் பார்த்தார். பள்ளம் இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. நைனா திரும்பத் திரும்ப இறங்கப் பார்த்தார். நான்கு பேர் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள்.

தண்ணீர் வடிந்து அம்மாவை எடுத்த பிறகு ஓர் அதிகாரி வந்தார். பெரியப்பா அதே கையை விரித்தார். "ஆள் நடமாட்டமே இல்லாத எடம் சார். பெருசா சேதம் இல்ல. ஒரு பொம்பள மட்டும் வழுக்கி வுழுந்துட்டா."

"வழுக்கி வுழல சார்," என்றேன். "இவுரு வெட்டுன பள்ளத்துல வுழுந்துச்சு எங்கம்மா."

பெரியப்பா என் தலையில் கை வைத்தார். "பொண்ணு பயந்து போயிருக்குது சார். தாயில்லாத பொண்ணு," என்றார் மெதுவாக. அதிகாரி தலையாட்டிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்தக் கையின் கனம் என் தலையிலிருந்து இறங்கவே இல்லை. அடித்திருந்தால் கூட மறந்திருப்பேன்.

நானும் நைனாவும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுவாயலுக்கு வந்துவிட்டோம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் மழையில் அரித்துப்போன ஓரத்தில் செம்மண்ணும் சரளையும் தெரியும். எங்கள் ஊர் மண்தானா என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் வாய் கசக்கும்.

போன மாதம் பெரியப்பா எங்களைத் தேடி வந்தார். பதவி போய்விட்டது. மகன்கள் மெட்ராஸில். நடக்கத் தடி தேவைப்படுகிறது. யாரோ அந்தப் பக்கத்து நிலம் முழுவதையும் மொத்தமாகக் கேட்கிறார்களாம். நடுவில் எங்கள் வயல் மட்டும் இடைஞ்சலாம். "நீங்களும் வந்துட்டீங்க. ஊரே காலி. கையெழுத்துப் போட்டுட்டா எல்லாருக்கும் நல்லது," என்றார்.

போய்விடுங்கள் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் நைனா பேசினார். இத்தனை வருஷத்தில் அம்மாவைப் பற்றி அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"அந்தப் பள்ளத்த மூடுண்ணா. மூடிட்டு வா, போடறேன்."

பெரியப்பா தடியைக் கை மாற்றிப் பிடித்தார். "அவ்ளோ மண்ணுக்கு நான் எங்கடா போவேன்?"

"அது எனக்குத் தெரியாது."

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் அவர் செருப்பைப் பார்த்தேன். தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து எழுந்து, படியில் இறங்கினார். பஸ் ஸ்டாப் வரைக்கும் துணைக்குப் போகட்டுமா என்று நைனா கண்ணால் கேட்டார். நான் கதவைச் சாத்தினேன்.

இந்தப் போகத்துக்கும் நைனா முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போய் நாற்று விட்டிருக்கிறார். பெரியப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்கிறார்கள். சேதி வந்தால் நைனா போவார், கூடப் பிறந்தவர். நான் அன்றைக்கு ஷிப்டுக்குப் போவேன்.