மூன்று திரைகளில் ஒரு முகம்

என் பழைய லெப்டொப் ஒரு கலியாண வேலையின் நடுவில் செத்துப்போனது. திரை ஒருமுறை மினுங்கியது, பிறகு கறுத்தது, அவ்வளவுதான். தட்டிப் பார்த்தேன், கழற்றிப் பூட்டிப் பார்த்தேன், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

நான் கல்முனைப் பக்கத்துக் கலியாண வீடுகளில் ஃபோட்டோ எடுப்பவள். பெண்கள் பக்கத்தில் மட்டும். எங்கள் ஊர்க் கலியாணத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்தில் புதுப் பொண்ணு முக்காடில்லாமல், பூவும் நகையுமாக, தோழிகளோடு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சிரிப்பைப் படம் பிடிக்க ஒரு பெண்தான் வேண்டும். என்னைக் கூப்பிடுகிறவர்கள் என்ன கெமரா என்று கேட்பதில்லை. “படத்த வேற ஆம்புளையள் ஆரும் பாப்பாங்களா?” என்றுதான் கேட்பார்கள். “பாக்க மாட்டாங்க” என்பேன். என் தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கில்தான் ஓடுகிறது. எடுப்பதும் நான், திருத்துவதும் நான். அல்பம் அடிக்கக் கொடுப்பதும் பெண்கள் நடத்துகிற இடத்தில்தான்.

இந்த வாக்கில் அதிகம் அகப்பட்டுக்கொண்டவர் என் கணவர். சொந்த வீட்டில், சொந்த அறைக் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்பார். “வாங்க” என்று நான் சொன்ன பிறகும் திரைக்கு முதுகைக் காட்டியபடி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து வந்து, சட்டையை எடுத்துக்கொண்டு, அப்படியே வெளியேறிவிடுவார். இத்தனை வருடத்தில் நான் எடுத்த கலியாணப் படம் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை. “என்ட பொண்டாட்டி கெட்டிக்காரி எண்டு ஊரே சொல்லுது. எனக்கு மட்டுந்தான் தெரியா” என்று பகிடி விடுவார்.

அந்த முறை கையில் இருந்தது எங்கள் அடுத்த தெருப் பிள்ளையின் கலியாணப் படங்கள். அவள் நல்ல கறுப்பு. எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்குகிற, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போன்ற கறுப்பு. மாப்பிள்ளை கட்டாரில் வேலை. கலியாணப் பேச்சுக்கால் நடந்தபோது அவருக்கு அனுப்பிய அவளுடைய படத்தை எங்கேயோ ஒரு கடையில் கொடுத்து வெள்ளையடித்துவிட்டார்கள். வீட்டாருக்கு அது பொய்யாகவே தோன்றவில்லை, பிள்ளைக்கு நல்ல சட்டை உடுத்தி அனுப்புவது போலத்தான் நினைத்திருக்கிறார்கள். ஃபோனில் கதைக்க விட்ட அவளுடைய வாப்பா வீடியோவில் கதைக்க மட்டும் விடவில்லை. நிக்காஹ் முடிந்து அறைக்குள் வந்த மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றாராம். “ஃபோட்டோவில வேற மாதிரி இருந்தீங்க” என்றாராம். கோபத்தில் சொல்லவில்லை, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அன்பாகத்தான் நடக்கிறார். ஆனால் அந்த ஒரு சொல் பிள்ளையின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு கிடந்தது.

விருந்துப் படம் எடுக்கப் போன இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “ராத்தா, என்ட நிறத்தில மட்டும் கை வெக்காதீங்க. அவர் திரும்பிப் போகக்குள்ள என்னத்தான் கொண்டு போகணும். அந்தப் படத்தில இரிக்கிறவள இல்ல.”

நான் ஓம் என்றுவிட்டேன். மாப்பிள்ளையின் லீவு முடிவதற்குள் அல்பம் அவள் கைக்குப் போகவேண்டும். அதற்குள்தான் லெப்டொப் மண்டையைப் போட்டது.

புதிது வாங்குகிற யோசனையே எங்களுக்கு இல்லை. கல்முனை மெயின் வீதியில் பாவித்த லெப்டொப் விற்கிற கடை ஒன்றுக்கு இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் போனோம். வெளிநாட்டுக் கம்பெனிக் கந்தோர்களில் கழித்துவிட்டதை மொத்தமாக வாங்கி, துடைத்து, உள்ளே சில சாமான்களை மாற்றி விற்பார்கள். கடைக்காரர் நடுத்தர வயது, வெள்ளைத் தொப்பி, பொறுமையான மனிதர். ஃபோட்டோ வேலைக்கு என்றதும் மூன்றை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒன்று மெல்லிசான வெள்ளி நிறத்தது. மற்றது கேம் விளையாடுவதற்குச் செய்தது, எழுத்துகளுக்கு அடியில் சிவப்பு லைட் எரிந்தது. மூன்றாவது தடித்த கறுப்பு. மூடியில் கீறல், எந்தக் கந்தோரிலோ ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டிய தழும்பு, எழுத்துக் கட்டைகளில் ஆங்கிலத்தோடு அரபும் இருந்தது.

“அரபு எழுத்தெல்லாம் இரிக்கி. பறக்கத்தானது, வீட்டுக்கு நல்லது, இதையே எடு புள்ள” என்றார் என் கணவர்.

“ஓதவா வாங்கப் போறம்? வாய மூடிட்டு இரிங்க” என்றேன்.

பெட்டரி எவ்வளவு உழைத்திருக்கிறது, ரெம் கூட்டலாமா, உள்ளே போட்ட டிஸ்க் புதிதா என்று கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். மூன்றுமே பரவாயில்லை. மிச்சம் இருந்தது திரை. மற்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், திரை நிறத்தில் பொய் சொன்னால் வாங்கியும் வேலையில்லை. கடற்கரைப் படங்களும் மரக்கறிச் சந்தைப் படங்களும் போட்ட கார்ட் ஒன்றை இதற்கென்றே கொண்டுவந்திருந்தேன். அதைச் செருகினேன். திரையில் முதலில் எழும்பி வந்தது ஒரு மருதாணிக் கை.

அவசரத்தில் அந்தப் பிள்ளையின் கலியாணக் கார்டை மாறி எடுத்து வந்திருக்கிறேன்!

“பொம்புளையள்ற படம்!” என்று என்னையறியாமல் கத்திக்கொண்டு மூடியை அமத்தினேன். பழக்க தோஷம், என் கணவர் அதற்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். கடைக்காரரும் திரும்பினார். சார்ஜர் வாங்க வந்து நின்ற ஒரு மனிதர், என்ன ஏது என்று கேட்காமல் அவரும் திரும்பினார். மூன்று ஆம்பிளைகள் வரிசையாக, சுவரில் தொங்கிய வயர்களைத் தொழுகைக்கு நிற்பது போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூடியை அமத்திய கையை எடுக்காமலே எனக்குச் சிரிப்பு வந்தது.

“பதட்டப்படாதீங்க தங்கச்சி. எங்கட வீட்டிலயும் பொம்புளப் புள்ளையள் இரிக்கி” என்றார் கடைக்காரர், சுவரைப் பார்த்தபடியே. “நாங்க வெளிய நிக்கிறம். நீங்க ஆறுதலாப் பாருங்க.”

போகும்போது தன் தொப்பியைக் கழற்றி, மூலையில் இருந்த பாதுகாப்புக் கெமராவின்மேல் கவிழ்த்துவிட்டுப் போனார். தன் கடையைத் தெரியாத ஒருத்தியிடம் விட்டுவிட்டு வெயிலில் போய் நின்றார். எங்கள் ஊரைப் பற்றிக் குறை சொல்ல ஆயிரம் இருக்கிறது, நானே நாள் முழுக்கச் சொல்வேன். ஆனால் அந்த நேரம் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தனியாக நின்று அவளுடைய படத்தை மூன்று திரையிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வெள்ளியில் அவள் வெளுத்திருந்தாள், மாப்பிள்ளைக்கு அனுப்பிய படத்தின் தங்கச்சி மாதிரி. விளையாட்டு லெப்பில் செங்கல் நிறம். கறுப்பில் கறுப்பாக, கன்னத்தில் ஒரு மினுக்கத்தோடு இருந்தாள். மூன்றும் ஒரே பிள்ளை, ஒரே படம். எதை நம்புவது? அந்தக் கறுப்பு லெப் உண்மை சொல்கிறதா, அல்லது பழசாகி இருண்டுபோய் நிற்கிறதா? நினைவில் இருக்கிற நிறத்தை நம்பி வேலை செய்யக்கூடாது என்பது என் அனுபவம். ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும். புதுப் பொண்ணைக் கடைத்தெருவுக்கு எப்படி இழுத்து வருவது?

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் என் கணவர் நின்றார். கடைக்காரரிடம் நெல் வெட்டுக்கு மெஷின் கிடைக்காத கதையை அளந்துகொண்டிருந்தார். அவர் நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் செய்கிறவர். வெயில் தின்ற நிறம். ஏறக்குறைய அந்தப் பிள்ளையின் நிறம்தான்.

கார்டை எடுத்துப் பையில் போட்டுவிட்டு, “இஞ்ச வாங்க” என்று கைகாட்டினேன். கடைக் கதவையும் தட்டிவிட்டு நின்றார் மனிதர்.

கடைக்காரரிடமே புதுக் கார்ட் ஒன்று வாங்கி, பையில் இருந்த என் கெமராவில் போட்டு, வெளிச்சம் விழுகிற வாசலில் அவரை நிறுத்தினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார். “சிரிக்கட்டா?” என்றார். “வேணாம், சும்மா நில்லுங்க” என்று எடுத்தேன்.

மூன்று திரையிலும் அவர் வந்து நின்றார். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது மாப்பிள்ளையா வந்த காலத்து நான்” என்றார் வெள்ளியைக் காட்டி. “இது காய்ச்சல்காரன்” என்றார் சிவப்பு லைட் எரிந்ததைக் காட்டி. கறுப்பு லெப்பின் முன்னால் இன்னும் கிட்டக் குனிந்தார். பிறகு கேட்டார்: “இதுல எது நான், புள்ள?”

மூன்று திரையையும் திரும்பப் பார்த்தேன்.

எனக்குத் தெரியவில்லை. யார் யாருடைய பிள்ளைகளின் முகத்தையோ மணிக்கணக்கில் பார்க்கிறவள் நான். எந்தப் பொண்ணுக்கு எந்தப் பக்கம் அழகு, யாருக்குக் கண்ணின் கீழ் நிழல் விழும் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வேன். என் வாக்கைக் காப்பாற்றுவதற்காக எனக்கு முதுகைக் காட்டியே பழகிப்போன இந்த மனிதரின் முகம் இப்போது என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை.

“அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். நெற்றியில் தொப்பி இருந்த இடம் ஒரு வெளிர் கோடாக நின்றது. அதற்குக் கீழே வெயில். கண்ணின் அடியில் இன்னும் ஆழமான ஒரு கறுப்பு, மூக்கின் இரண்டு பக்கமும் செம்மண் கலந்த மாதிரி. தாடியில் நரை இடது பக்கம்தான் அதிகம். இது எப்போது நடந்தது? எனக்கு அவர்மேல் அப்படியொரு ஆசையும் இரக்கமும் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு அழகான மனிதரோடா நான் காலையில் தேங்காய்க்குச் சண்டை பிடித்தேன்?

“என்ன புள்ள இப்பிடிப் பாக்கிறாய்? கடைல ஆக்கள் நிக்கிறாங்க” என்று கூசினார்.

“நிக்கட்டும்” என்றேன்.

அந்த வெளிர் கோடும், கண்ணடிக் கறுப்பும், நரையும் தனித்தனியாகத் தெரிந்தது கீறல் விழுந்த கறுப்பு லெப்பில் மட்டும்தான். மற்ற இரண்டும் எல்லாவற்றையும் சேர்த்துப் பூசி மெழுகியிருந்தன. அதையே எடுத்தோம். “நான் அப்பவே சொன்னன்” என்று அவர் தொடங்க, வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில் அரபு எழுத்தின் பெருமையைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்தப் பிள்ளையின் படங்களில் மண்டப லைட்டின் மஞ்சளை எடுத்தேன், விலகி நின்ற ஒரு கதிரையை வெட்டினேன். முகத்தைத் தொடவில்லை. அல்பம் அடித்து வந்ததும் நானே கொண்டுபோனேன். வீட்டில் பயணப் பெட்டி திறந்து கிடந்தது. என்னைக் கண்டதும் மாப்பிள்ளை சலாம் சொல்லிவிட்டு, நாங்கள் கதைக்கட்டும் என்று வெளியே வளவுப் பக்கம் விலகிப் போனார்.

அறைக்குள் கட்டிலில் வைத்துத் திறந்தாள். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். “இன்னுங் கொஞ்சம் வெளுப்பாக்கி இருக்கலாமே மகள்” என்று அவளுடைய உம்மா எனக்குச் சொன்னதைக் காதில் வாங்கவேயில்லை. தன் கையை எடுத்து, படத்தில் இருந்த முகத்துக்குப் பக்கத்தில் மெதுவாக வைத்தாள். கைக்கும் முகத்துக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி வளவுக்குக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்.

“இஞ்ச வாங்க. நான் வந்திரிக்கன்.”

அவர் உள்ளே வருவதற்கு வழிவிட்டு, நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு அறையைவிட்டு வெளியே வந்தேன்.