சாமி கை நனைத்த நாள்

என் அப்பா பொய்ச் சத்தியம் செய்ததை நான் நேரில் பார்த்தேன். அப்போது உத்தமபாளையத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தேன்.

சின்னமனூர்ப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் நெல் பச்சையாக நிற்கும். அந்தத் தண்ணீர் எட்டாத மேட்டுக்காடு எங்களுடையது. மாடு கட்டி இறைக்க ஒரு கிணறுதான் கதி. அதில் பாதி அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். மறுபாதி அப்பாவின் ஒன்றுவிட்ட அண்ணனான பெரியப்பாவுக்கு. பத்திரம் ஏதும் இல்லை. தாத்தாக்கள் வாய்ப்பேச்சில் சேர்ந்து வெட்டிய கிணறு. ஒருநாள் பெரியப்பா மாடு, மறுநாள் எங்கள் மாடு என்று நடந்துவந்தது. பெரியப்பா காய்ச்சலில் போனபிறகு பெரியம்மா ஒற்றையாளாக இறைத்தாள். பிள்ளை இல்லை. அந்தக் கோடையில் ஊற்று குறைந்து, ஒரு காட்டுக்கே தண்ணீர் காணாது என்று ஆனபோது, பெரியம்மா வீட்டுக்குப் பங்கே கிடையாது, பாவம் பார்த்து விட்டதுதான் என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார்.

அப்பாவும் சித்தப்பாவும் கருப்பசாமி முன்னால் சூடத்தை அணைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று பஞ்சாயத்தில் முடிவானது. எங்கள் பக்கம் அதற்கு மேல் கோர்ட்டு இல்லை. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல், சொன்னதுதான். பொய்யாக இருந்தால் ஒரு வெள்ளாமைக்குள் சாமி காட்டிவிடும். மாடு சாகும், கை விழுந்துபோகும், இல்லையென்றால் மகன் போவான். மகன் என்றால் நான்தான்.

அப்பா திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படவிடாதவர். சித்தப்பா கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர். பகலில் புளியமரத்தடியில் சீட்டு, பொழுது சாய்ந்தால் கள்ளு. பெண் கொடுக்கக்கூட ஆள் வரவில்லை.

கோயில் முன்னால் ஊர் கூடியிருக்க, அப்பா குனிந்து சூடத்தை அணைத்தார். "இந்தக் கெணத்துல அவுகளுக்குப் பங்கு இல்ல. சத்தியம்." குரல் நடுங்கவில்லை.

பூசாரி இன்னொரு சூடத்தைக் கொளுத்தினார். சித்தப்பா கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

"அணையப்பா, கரைஞ்சிறப் போகுது" என்றார் ஒரு பெரியவர்.

"சீட்டுப் புடிக்கிற கையில்ல, சூடு தாங்காது" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

சித்தப்பா கையை இழுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். "வரல மாமா" என்றார் பெரியவரிடம்.

"என்ன வரல?"

"கை வரல."

அவ்வளவுதான். எழுந்து நடந்துவிட்டார். சூடம் தானாக எரிந்து அவிந்தது. எல்லாருக்கும் புரிந்தது. புரிந்த பிறகும் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மூத்தவன் அணைச்சுட்டான்ல, அது போதும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, எல்லாருக்கும் வேலை கிடந்தது.

பெரியம்மா மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள். "சாமி பாத்துக்கிரட்டும்" என்றாள்.

அவள் காத்திருந்தாள். சித்தப்பாவும் காத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. நானும் காத்திருந்தேன். சத்தியம்தான் கடைசியில் ஜெயிக்கும் என்று தேனிச் சந்தையில் ஒரு கதர்ச்சட்டைக்காரர் பேசக் கேட்டுக் கை வலிக்கத் தட்டியவன் நான். சாவதற்குத் தயாராக இருந்தேன் என்று சொன்னால் அது பெரிய பேச்சு. ஏதாவது நடக்கட்டும், அது எங்கள் வீட்டிலேயே நடந்தாலும் சரி என்று இருந்தது. ஒன்றும் நடக்காமல் போவதற்குத்தான் பயந்தேன்.

இடையில் ஒருநாள் வெள்ளை மாடு தீவனம் எடுக்கவில்லை. அம்மா கோயிலுக்கு ஓடி, ஒரு குறையும் வராமல் வெள்ளாமை வீடு வந்தால் கிடாய் வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். மறுநாள் மாடு தின்றது. மிளகாய் அந்த வருஷம் விளைந்தமாதிரி அதற்கு முன்னால் விளைந்ததில்லை. என் படிப்புச் செலவும் அதில்தான் நடந்தது.

கிடாய் வெட்டினோம். ஊரே வந்து சாப்பிட்டது. பஞ்சாயத்துப் பெரியவர்கள் எலும்பைத் தட்டி உறிஞ்சிக்கொண்டே, "சாமி ஏத்துக்கிருச்சுப்பா" என்றார்கள். பெரியம்மா வீட்டுக்கு ஒரு சட்டிக் கறி போனது. சட்டி கழுவித் திரும்பி வந்தது. தின்றாளா, கொட்டினாளா, தெரியாது. எங்கள் ஊரில் ஒரு வீட்டில் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டின்மேல் பிறகு வழக்குப் பேசக்கூடாது.

சித்தப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடப் போனேன்.

"வாங்க சித்தப்பா, எல்லாரும் சாப்புட்டாக."

"சாமியுமா?"

நான் திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தேன்.

"அதுவும் கை நனைச்சுருச்சு. இனி யாருட்டடா போயிச் சொல்ல?"

அன்றைக்குப் போனவர் திரும்பவில்லை. சுருளிமலைக் குகையில் சாமியார்களோடு பார்த்ததாகச் சொன்னார்கள். அடுத்த கோடையில் பெரியம்மாவின் காடு காய்ந்து கிடந்தது. அவள் கூலிக்கு ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்கு மலையேறிப் போனாள். அவளைப் பற்றி அதன்பிறகு தகவல் தாக்கல் இல்லை.

படிப்பை முடித்து வாத்தியார் வேலை கிடைத்ததும் சுருளிக்குப் போனேன். எல்லாரும் தலையாட்டி எழுந்துபோன இடத்தில் இந்த ஒரு மனிதருக்கு மட்டும் ஏன் முடியவில்லை? அது படிப்பா என்றால் அவருக்கு எழுத்தே தெரியாது. பக்தியா என்றால் அது அப்பாவிடம் இருந்தது. அவரிடமே கேட்டுவிட நினைத்தேன். தேடிப் போனவருக்கு ஏதாவது கிடைத்திருக்கும் என்ற ஆசையும் இருந்தது.

பாறை மறைவில் கேப்பைக்கூழ் கிண்டிக்கொண்டிருந்தார். விலா எலும்பு தெரிந்தது. பேச்சுக்குப் பேச்சு இருமல்.

"ஏலே, மீசை முளைச்சிருச்சா! வாத்தியாராமே? பெரம்பு எங்க?"

சிரித்து முடித்தபிறகு கேட்டேன். "அன்னைக்கு ஒங்களுக்கு மட்டும் ஏன் சித்தப்பா கை வரல?"

"தெரியலடா. வந்திருந்தா வீட்டுல கெடந்திருப்பேன்." கொஞ்சநேரம் கிண்டினார். "கைதான் வரல. வாயாச்சும் வந்திருக்கலாம்ல? பங்கு இருக்குன்னு ஒரு வார்த்த. அண்ணன் மொகத்தப் பாத்தேன், எந்திரிச்சு வந்துட்டேன்."

"இங்கன வந்து எதுனாச்சும் கெடைச்சுச்சா?"

"இங்கனயும் எடத்துக்குத்தான் சண்ட. நேத்து ரெண்டு சாமியாருக ஒரு குகைக்கு அடிச்சுக்கிட்டாக. ஒண்ணுமில்லடா. ஆனா அங்கன வர முடியாதுல்ல."

பிறகு, கூழைப் பார்த்தபடியே கேட்டார். "மதினிக்குத் தண்ணி விடுறாகளா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "அவுக மலைக்குப் போயி ரொம்ப நாளாச்சு சித்தப்பா."

தலையை ஆட்டினார். அதன்பிறகு கிண்டவில்லை. கூழ் அடிப்பிடித்து வாடை வந்தது.

ஊர் திரும்பும்போது அப்பா கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தார். மாட்டை நிறுத்தினார்.

"எப்படி இருக்கான்?"

"பெரியம்மாவுக்குத் தண்ணி விடுறாகளான்னு கேட்டாரு."

அப்பா என்னைப் பார்த்தார். "அவுகளுக்கு இந்தக் கெணத்துல எப்பப்பா பங்கு இருந்துச்சு?"

அந்த முகத்தில் பொய்யைத் தேடினேன். எங்கேயோ ஒரு முள் தைத்துக்கொண்டு இருக்கும், என்றைக்காவது அது வலிக்கும் என்று இத்தனை காலம் நம்பியிருந்தேன். முள் இல்லை. தெரியாததைக் கேட்கிற மனிதனாகத்தான் கேட்டார். அந்தப் பொய் அவருக்குள்ளேயே நிஜமாகிவிட்டிருந்தது. இனி அவரிடமும் கேட்க ஒன்றுமில்லை.

"வெயில்ல வந்திருக்க, குடி" என்று செம்பில் மொண்டு சரித்தார். இரண்டு கையும் நனைய ஏந்திக் குடித்தேன்.