முழங்கால் பார்த்து ஆள் எடுப்பது

வேலைக்கு ஆள் பிடிப்பதில் என்னை மிஞ்ச வவுனியாவில் ஒருவரும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்கு என்னிடம் இருபத்திரண்டு பேர் கட்டட வேலை செய்கிறார்கள். நெளுக்குளத்து மாடி வீடுகளில் பாதி நான் கட்டியவை. மிச்சப் பாதியில் வெடிப்பு விழுந்திருக்கிறது. கம்பஸில் படித்த என் மகன் புதிதாக வருகிறவர்களிடம் சான்றிதழ் கேட்பான். நான் அவர்களை வேறு மூன்று பேரோடு ஒரு நீளப் பலகையைத் தூக்கவிட்டு, முழங்காலைப் பார்ப்பேன். மகன் சிரிப்பான். அவனுடைய கம்பஸ் கரப்பந்து அணியில் உயரப் பாய்கிற ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் அடிக்கத்தான் பாய்ந்தார்கள், பந்தை எடுத்துக் கொடுக்க ஒருவனும் இல்லை. முதல் சுற்றிலேயே வீட்டுக்கு வந்தான். நான் சிரித்தேனா?

இந்த முழங்கால் விசயம் எனக்குச் சின்ன மாமாவிடமிருந்து வந்தது. நெடுங்கேணிப் பக்கம் அவரைப் போலப் பலசாலி கிடையாது. சேற்றில் புதைந்த வண்டியைத் தோளால் முட்டித் தூக்குவார். உயரம் எப்படியென்றால், எங்கள் வீட்டு வாசலில் அவருடைய நெற்றி பட்ட இடம் எண்ணெய்க் கறையாகவே இருந்தது. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு ஆசை, திருவிழாவில் சாமி காவ வேண்டும். எலி வாகனத்தில் பிள்ளையாரை ஏற்றி, இரண்டு நீளத் தடிகளில் கட்டி, எட்டுப் பேர் தோளில் வைத்து வீதி சுற்றுவார்கள். எட்டுப் பேரும் கட்டை ஆட்கள். மாமா ஒவ்வொரு வருடமும் வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிற்பார். ஒவ்வொரு வருடமும் அவர் கையில் தீவட்டியைக் கொடுத்துவிடுவார்கள்.

எனக்கு ஒன்பது வயதானபோது, காவுகிறவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது. யாரும் கேட்கும் முன்னமே நான் கிணற்றுக்கட்டில் ஏறி, எங்கள் மாமா தனியாகவே காவுவார், மற்ற ஏழு பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தேன். அப்போதே எனக்கு நல்ல குரல். கோயில் தலைவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் வேறு ஆள் இல்லை.

மாமாவை வலப்பக்கம் முன்னுக்கு விட்டார்கள். மாமா நிமிர்ந்தார். பிள்ளையார் சரிந்தார். குடை கழன்று, வாகனத்தில் ஏறியிருந்த ஐயரின் தலையில் கவிழ்ந்தது. மாமாவுக்குப் பின்னால் நின்ற தேத்தண்ணிக் கடைக்காரருக்குத் தடி எட்டவே இல்லை. கையை மேலே நீட்டிக்கொண்டு, பஸ் மறிப்பவரைப் போல நடந்தார்.

"அண்ணை, எனக்கு இங்க வேலை இல்லை. நான் போய்க் கடையத் திறக்கட்டோ?" என்றார்.

மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்தார். ஐயர் பிள்ளையாரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தம்பி, கொஞ்சம் கட்டையா வாரும். பிள்ளையார் என்ர மடிக்கு வாறார்."

மேற்கு வீதி மூலையில் மாமாவை மாற்றிவிட்டு, ஒரு கட்டையரைப் பிடித்துப் போட்டார்கள். பிள்ளையார் நேரானார். மாமா இரண்டு நாள் மாட்டுக் கொட்டிலிலேயே போய்ப் படுத்தார். நான் மட்டும் பள்ளிக்கூடத்தில், மாமா ஒரு மூலையைத் தனியாகவே காவினார், கடைக்காரருக்கு வியர்க்கவே இல்லை, அதுதான் சாட்சி என்று வாதாடி வென்றேன்.

அதற்குப் பிறகு மாமாவுக்கு ஏதோ பிடித்துவிட்டது. உலக்கையைத் தோளில் வைத்துக்கொண்டு, பாதி குந்தியும் பாதி நின்றும் மாட்டுக் கொட்டிலைச் சுற்றிச் சுற்றி நடந்தார். மாமி கும்பிடாத தெய்வமில்லை. அடுத்த திருவிழாவுக்கு முதல் நாள், மாமா ஐயரின் முன்னால் போய் அப்படியே நடந்து காட்டினார். ஐயர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

திருவிழாவில் மாமாவும் தோள் கொடுக்க, எலி வாகனம் நிறைகுடம் போல ஆடாமல் அசையாமல் வந்தது. கடைக்காரருக்கு வேட்டி நனைய வியர்த்தது. ஆனால் நான் பார்த்தது மாமாவின் முழங்கால்களைத்தான். வீதி முழுவதும் அவர் அவற்றை நிமிர்த்தவே இல்லை. பெடியள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"டேய், உன்ர மாமா முட்டையிடப் போற கோழி மாதிரி நடக்கிறார்."

"அது என்ர மாமா இல்லை" என்று சொல்லிவிட்டு, மேளகாரருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமா சனத்துக்குள் என்னைத் தேடியது தெரிந்தது.

அன்றிரவு வீட்டில், "பார்த்தனியே?" என்று கேட்டார்.

"பார்க்கேல்லை" என்றேன்.

மூன்று நாள் அவரால் படி ஏற முடியவில்லை. பாரம் தாங்காமல் மாமா உடைந்துபோனார் என்றே நினைத்தேன். அவரோ முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு, தன்பாட்டில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு மட்டும் எனக்கு விளங்கவில்லை. மற்றதெல்லாம் எனக்கு அந்த வயதிலேயே விளங்கும்.